ரிவர்ஸ் விழாத கார்

வாய்க்கால் கரையில் எங்கள் காரும் எதிரே வந்த லாரியும் நேருக்கு நேர் நின்றன. நடுவில் ஒரு மாட்டு வண்டி நிற்கும் இடம்கூட இல்லை.

இடது பக்கம் வாய்க்கால். வலது பக்கம் பள்ளத்தில் முற்றிச் சாய்ந்த சம்பாக் கதிர். தை மாத வெயில் இளசாகத்தான் இருந்தது. ஆனாலும் காருக்குள் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் அஞ்சலை, என் கையை இறுகப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. மாயவரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்து எடுத்தால் ஒழிய இரண்டு உயிரும் தங்காது என்பது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. (மயிலாடுதுறையை அப்போதெல்லாம் மாயவரம் என்றுதான் சொல்வோம்.)

லாரி நிறைய வெளியூர் அறுப்பு ஆட்கள். டிரைவர் பக்கத்தில் பண்ணையின் காரியக்காரர் நடேசன் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குச் சற்றுப் பின்னால் மதகடியில் கரை அகலமாக இருந்தது. நாங்கள் அதுவரை பின்னால் போனால் லாரி ஒதுங்கும், நாங்கள் போய்விடலாம்.

"கொஞ்சம் பின்னால எடுங்க பாய்" என்றேன்.

டிரைவர் செய்யது பாய் கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினார். கரகரவென்று எலும்பு முறிகிற சத்தம். மறுபடியும் தள்ளினார். அதே சத்தம்.

"விழ மாட்டேங்குதும்மா" என்றார். திரும்பி என்னைப் பார்த்த அவர் முகத்தில் பயத்தைவிட வேறொன்று தெரிந்தது. 'நான் அப்பவே சொல்லலையா?' என்கிற பார்வை.

அவர் சொல்லித்தான் இருந்தார்.

மலேயா பாய்

குத்தாலத்தில் நான் கிளினிக் திறந்தபோது என் மாமனாரின் பழைய கார் கூடவே வந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர்த் தண்டு இருக்கும் ரகம். எனக்கு ஓட்டத் தெரியும். கடைத்தெருவில் ஓட்டுவேன். ஆனால் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஓட்டும் துணிச்சல் எனக்கு வந்ததில்லை. அதற்குத்தான் செய்யது பாய்.

பாய் இளவயதில் மலேயாவுக்குப் போய், ரப்பர்த் தோட்டத்து மேட்டிலும் பள்ளத்திலும் லாரி ஓட்டியவர். சண்டை முடிந்த பிறகு ஊர் திரும்பி, கொஞ்ச நாள் அத்தர் வியாபாரம் செய்து பார்த்தார். வியாபாரம் ஒத்துவரவில்லை. என்னிடம் வேலைக்கு வந்த முதல் நாளே காரைச் சுற்றி வந்து, மோந்து பார்த்து, "வண்டி நல்ல வண்டிதான். பழகின கைதான் கெட்ட கை" என்றார். அந்தக் கை என் மாமனாருடையது. 

பாய்க்கு யார் மேலும் எளிதில் நம்பிக்கை வராது. பெட்ரோல் போடுகிறவன் தண்ணீர் கலக்கிறான் என்பார். காற்றடிக்கிறவன் பாதிதான் அடிக்கிறான் என்பார். என்னைக்கூட முதல் ஆறேழு மாதம் நம்பவில்லை. பெண்பிள்ளை டாக்டர், கலியாணச் சாப்பாட்டுக்கு வருகிற மாதிரி வந்துவிட்டுப் போய்விடுவாள் என்று கடைத்தெருவில் சொல்லியிருக்கிறார். எனக்குக் காதில் விழுந்தது.

யார் பக்கம்?

அந்த வருஷங்களை இன்றைக்கு நினைத்தால், எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்ட காலம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

புது ஆட்சி வந்து ஓரளவு நாளாகியிருந்தது. கரை வேட்டிகள் ஆபீஸ் வாசல்களில் நிறையத் தெரிந்தன. நில உச்சவரம்பு குறைகிறது என்று பேச்சு. குத்தகைக்காரர்கள் பதிவு செய்துகொள்ளலாம் என்று பேச்சு. கிழக்கே குடிசைகள் எரிந்த செய்தி யார் நெஞ்சிலும் ஆறவில்லை. கூலி நெல்லுக்குச் சங்கம் கொடி பிடித்தால், பண்ணைகள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கின.

ஒரு நாள் பண்ணை வீட்டுச் சமையல்கார அம்மா, நெஞ்சு படபடக்கிறது என்று என்னிடம் வந்தாள். நாடி சரி, இருதயம் சரி. என்னம்மா கவலை என்று கேட்டேன். "என் பேர்ல நிலம் இருக்காம், டாக்டரம்மா" என்றாள் குரலைத் தாழ்த்தி. "கைநாட்டு வெச்சதோட சரி. எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாது. போலீஸு வந்து கேட்டா என்னா சொல்றது?" அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

நான் பண்ணை வீட்டுக்கும் போவேன், கூலி ஆட்கள் இருக்கும் கீழத்தெருவுக்கும் போவேன். பண்ணையாரின் மனைவிக்கு ஒரு கடினமான பிரசவம் பார்த்திருந்தேன். அதனால் அந்த வீட்டில் எனக்கு மரியாதை. கீழத்தெருவில் பாதிக் குழந்தைகள் என் கையில் பிறந்தவை. ஆகவே இரண்டு பக்கமும் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான். வாய் திறந்து கேட்கமாட்டார்கள். நான் காரிலிருந்து இறங்கும்போது, எங்கிருந்து வருகிறேன் என்று டயரில் ஒட்டிய மண்ணைப் பார்ப்பார்கள்.

பண்ணையிலிருந்து வந்த பெட்டி

அந்த அறுவடைக்குச் சற்று முன்னால், பண்ணைக் களத்தில் ஒரு வைக்கோல் போர் எரிந்தது. தீ வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் போலீஸ் எழுதிய முதல் பெயர் மாரிமுத்து. சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவன், அஞ்சலையின் புருஷன். அவன் அன்றே தலைமறைவானான்.

அதே வாரத்தில்தான் என் காரின் கியர்பாக்ஸ் உடைந்தது. திருவிடைமருதூர் போய்த் திரும்பும் வழியில் பெட்டிக்குள்ளே ஏதோ நொறுங்கி, கார் நட்டநடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. மாடு கட்டி இழுத்து மாயவரத்தில் கோவிந்தராஜ் பட்டறையில் விட்டோம்.

கோவிந்தராஜ் கைராசிக்காரர் என்று பெயர். பண்ணையின் கார், டிராக்டர் எல்லாம் அவரிடம்தான். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். உள்ளே பல் நாலைந்து போய்விட்டது, பழுது பார்க்க முடியாது, வேறு பெட்டிதான் போட வேண்டும் என்றார். புதுசு கிடைக்காது. பண்ணைக் கொட்டகையில் இதே ரகக் கார் ஒன்று மரத்தில் மோதி முகம் நசுங்கிக் கிடக்கிறது, அதன் பெட்டி நன்றாக இருக்கும், கேட்டுப் பார்க்கட்டுமா என்றார்.

எனக்குத் தயக்கம்தான். ஆனால் கார் இல்லாமல் நான் என்ன டாக்டர்? கேளுங்கள் என்றேன். பண்ணையார் உடனே சரி என்று சொல்லிவிட்டாராம்.

பிறகு நாள் போய்க்கொண்டே இருந்தது. பாய் பஸ் ஏறிப் போய் விசாரிப்பார். 'நாளைக்கு வாங்க' என்பார் கோவிந்தராஜ். மறுநாள் போனால், 'ஒரு வாஷர் வரணும்' என்பார். காரின் அருகில்கூட விடுவதில்லை. வண்டிக்கு அடியில் வேலை பார்க்கிற குழிக்கு மேல் நிற்கிறது, பலகை எல்லாம் தளர்ந்திருக்கிறது, கால் வழுக்கும் என்று வாசலிலேயே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார்.

"டீ வாங்கிக் குடுக்கிற மெக்கானிக்கை நான் பார்த்ததே இல்லைம்மா" என்றார் பாய். "எங்கேயோ இடிக்குது."

திடீரென்று ஒரு சாயங்காலம், கார் தயார் என்று சொல்லி அனுப்பினார். பாய் போனதும், ஓட்டிப் பார்க்கக்கூட நேரம் கொடுக்காமல் சாவியைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

வீட்டு வாசலில் திருப்பும்போதுதான் தெரிந்தது. முன்னால் போகிற கியர்கள் எல்லாம் சொன்னபடி கேட்டன. முதல் கியர் மட்டும் சில சமயம் முனகும். ரிவர்ஸ் என்றால் முரண்டு. இரண்டு கையாலும் தள்ளினால் அலறிக்கொண்டு விழும். சில சமயம் அதுவும் இல்லை.

பாய் தன் வைத்தியத்தை எல்லாம் செய்து பார்த்தார். கியர் ஆயில் கெட்டியாக இருக்கிறது என்று மாற்றினார். தண்டிலிருந்து பெட்டிவரை போகும் கம்பிகளுக்குக் கிரீஸ் தடவினார். ரிவர்ஸ் போடும் முன் ஒரு தரம் டாப் கியருக்குத் தள்ளிவிட்டு இழுத்தால் சில சமயம் விழுந்தது. அது எதனால் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"நல்ல பெட்டியை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு, ஓட்டையைத் தலையில கட்டிட்டாங்கம்மா" என்பது பாயின் முடிவு. "இல்லாட்டி வேணும்னே எதையாச்சும் செஞ்சிருக்கணும். கீழத்தெரு சந்துல கார் போனா திருப்ப இடம் இல்லை பாருங்க. ரிவர்ஸ் இல்லேன்னா நீங்க அங்க போக மாட்டீங்கள்ல?"

சிரித்துத் தள்ளிவிட வேண்டிய பேச்சு. நான் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் எதையும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை.

கீழத்தெருவிலும் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அன்று காலை அஞ்சலையைக் காரில் ஏற்றும்போது, மாரிமுத்துவின் தங்கை தனம் குறுக்கே வந்து நின்றாள்.

"இந்தக் காருக்குள்ள இருக்கிறது பண்ணை வீட்டுக் குடலு. இதுல ஏறாதீங்க அண்ணி. எங்க கொண்டுபோய் விடுவாங்களோ."

அஞ்சலை ஒரு வலி அடங்கியதும் சொன்னாள்: "எனக்கு எந்தக் குடலா இருந்தா என்னாடி. ஏத்துங்க."

தனம் வேறு வழியில்லாமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பாயின் கை எங்கே போகிறது என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கரையில்

நடேசன் லாரியிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து என்னைப் பார்த்தார். தனத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"டாக்டரம்மா, நீங்களுமா?" என்றார். "லாரியை மறிக்கிறதுக்குக் காரைக் கொண்டாந்து நிறுத்தச் சொன்னாங்களா?"

"பிரசவக் கேசு இருக்குது, நடேசன். ரிவர்ஸ் விழலை. நீங்க பின்னால எடுங்க."

"எங்க வண்டியிலேருந்து போட்ட பெட்டி. அங்க இருந்தப்ப நல்லாத்தானே விழுந்துச்சு? இங்க வந்ததும் எப்படி விழாமப் போகும்?"

வயலுக்கு அந்தப் புறம், வரப்பில் காவல் இருந்த சங்கத்து ஆட்கள் லாரியைப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கதிருக்குள் நடந்து வந்தார்கள். கையில் அரிவாள். அறுக்கிற அரிவாள்தான். லாரியில் இருந்த ஆண்களும் எழுந்து நின்றார்கள். அவர்கள் கையிலும் அதே அரிவாள்.

தனம் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள். "அண்ணியைப் போகவிடாம மறிக்கிறாங்க!"

அது உண்மை இல்லை. பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு, நடந்து வந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள்.

"பாய்" என்றேன். 

பாய் இரண்டு கையாலும் கியரை இழுத்தார். கார் குலுங்கியது. பதற்றத்தில் கால் நழுவி இன்ஜின் அணைந்துபோனது.  வாய்க்காலில் நீர் ஓடுவது கேட்டது. அவர் கை இன்னும் கியரின் மேல்தான் இருந்தது. அது தானாக வழுக்கிக்கொண்டு ரிவர்சில் போய் விழுந்தது.

பாய் கியரைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"விழுந்துடுச்சும்மா" என்றார், நம்பாமல்.

"அப்படியே கிளட்சை மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

கிளட்ச் அடிவரை மிதிபட்டிருந்தும், சாவியைத் திருப்பியதும் கார் பின்னால் ஒரு குதி குதித்தது. பிறகு ஊரத் தொடங்கியது. பாய் தலையை வெளியே நீட்டி, ஒரு சக்கரம் கரை விளிம்பில், மறு சக்கரம் நாணலில் என்று மதகடி வரை பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினார். ரப்பர்த் தோட்டத்துக் கை அது.

லாரி முன்னால் வந்து ஒதுங்கியது. ஓடி வந்தவர்கள் மேலேறியபோது தனம்தான் இறங்கிக் கையை விரித்து நின்றாள். "முதல்ல காரு போவட்டும். அப்புறம் என்னாவாச்சும் பண்ணுங்க." எங்களுக்கு வழி கிடைத்தது. தனம் அங்கேயே நின்றுவிட்டாள்.

பின்னால் என்ன நடந்தது என்று மறுநாள்தான் கேள்விப்பட்டேன். லாரியில் வந்த பெண்கள் மதகடியில் இறங்கி மரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டார்களாம். புள்ளத்தாச்சியை மறிச்ச வயல்ல நாங்க அரிவாள் வைக்க மாட்டோம், எங்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடுங்க என்றார்களாம். நடேசன் கத்திப் பார்த்திருக்கிறார். அன்று அறுப்பு நடக்கவில்லை. யார் மேலும் கத்தி படவும் இல்லை.

அஞ்சலைக்குப் பெண் குழந்தை. அறுத்து எடுத்து, அது அழ ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மறக்கவில்லை.

குழிக்குள்

மறுநாள் காலை நேரே கோவிந்தராஜ் பட்டறைக்குப் போனோம். வழியெல்லாம் பாய் சொல்லிக்கொண்டே வந்தார்: "பெட்டி நல்ல பெட்டிதாம்மா. இன்ஜின் ஓடலேன்னா சுகமா விழுதே. அப்போ கெட்டது பெட்டி இல்லை. போட்டவன்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. நடந்தால் வலி, படுத்தால் வலி இல்லை என்று ஒருவர் வந்தால் எலும்பு முறிவைத் தேடமாட்டேன். இதுவும் அப்படி ஒன்று. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே எதுவோ சரியாக விலகவில்லை. தெரியாமல் விட்டதா, தெரிந்தே விட்டதா என்பதுதான் கேள்வி.

கோவிந்தராஜ் என் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கரைச் செய்தி அவருக்கு முன்பே வந்திருந்தது.

"கிளட்சு முழுசா விடலைம்மா" என்றார், நான் கேட்கும் முன்பே. "பெடலை அடிவரைக்கும் மிதிச்சாலும் உள்ள கொஞ்சம் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும். பெட்டியில பல்லு சுத்திக்கிட்டே இருந்தா ரிவர்ஸ் எப்படி விழும்? பெட்டி மாத்தினா கிளட்சு பெடல் ராடை மறுபடி பார்த்து இறுக்கணும்."

"தெரிஞ்சுமா செய்யலை?"

கோவிந்தராஜ் துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"ரெண்டு உயிரு கரையில நின்னுச்சு, கோவிந்தராஜ். இன்னும் எத்தனையோ உயிரு போயிருக்கும். பண்ணையில யாராவது உங்ககிட்ட எதாவது சொன்னாங்களா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். பேசாமல் குழியின் மேலிருந்த பலகைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். "குனிஞ்சு பாருங்கம்மா."

எண்ணெய்க் கறை படிந்த குழி. மூலையில் சுருட்டி வைத்த கோரைப்பாய். ஒரு அலுமினியத் தட்டு. பீடித் துண்டுகள்.

"மாரிமுத்து" என்றார் கோவிந்தராஜ். "உங்க காருக்கு அடியிலதான் இருந்தான்."

குனிந்தபடியே அந்தத் தட்டை மறுபடியும் பார்த்தேன்.

"என் கூடப் படிச்சவன்மா. பண்ணை வயல்ல எங்க அம்மாவும் அவன் அம்மாவும் ஒரே வரிசையில நட்டவங்க. பண்ணை காசுலதான் நான் தொழில் கத்துக்கிட்டேன், இல்லேங்கல. அதனாலதான் என் பட்டறையை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. போலீஸு ரெண்டு தடவை வந்து பார்த்துச்சு. யார் காருன்னு கேட்டாங்க. குத்தாலம் டாக்டரம்மா காருன்னேன். பெட்டி இறக்கிப்போட்ட காரை நகர்த்தச் சொல்ல முடியுமா? போயிட்டாங்க."

"அதான் நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தீங்களா?" என்றார் பாய்.

"ஆமா பாய். அவனை உர லாரியில ஏத்திவிட்டதும் எனக்கு வேற நினைப்பே இல்லை. காரை உடனே அனுப்பிடணும், குழியைப் பலகை போட்டு மூடிடணும்னு மட்டும்தான் தோணுச்சு. ராடு ஞாபகமே இல்லை. அப்புறம் ஞாபகம் வந்துச்சு. வரச் சொல்லவும் பயமா இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. என் பேரைக் காவலாக வைத்திருக்கிறார்கள், என்னைக் கேட்காமலே. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க பண்ணை வீட்டுக்குப் போய் வர்றவங்க" என்றார் கோவிந்தராஜ். குரலில் குற்றம் இல்லை, தயக்கம் மட்டும்தான். "எந்தப் பக்கம்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவரைப் பற்றி நானும் பாயும் அத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. 

பாய் காரைக் குழிக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். "வாங்க, நான் நட்டைப் பிடிச்சுக்கறேன். நீங்க ராடைத் திருப்புங்க" என்றார். இரண்டு பேரும் அடியில் நின்று இறுக்கினார்கள். மேலே வந்து இன்ஜினை ஓடவிட்டுக் கியரைத் தள்ளியபோது, ரிவர்ஸ் ஒரு முனகல்கூட இல்லாமல் விழுந்தது. பாய் அந்தக் கோரைப்பாயை எடுத்து உதறி மடித்து, எங்கள் டிக்கியில் போட்டுக்கொண்டார். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பண்ணை வீட்டில்

மாரிமுத்து தன் மகளைப் பார்த்தது அவளுக்குப் பல் முளைக்கும்போதுதான். வழக்கு சாட்சி இல்லாமல் நீர்த்துப்போயிற்று. அந்த வைக்கோல் போருக்குத் தீ வைத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனை நான் கேட்டதும் இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், கரைச் சம்பவம் நடந்த சில நாளில், பண்ணை வீட்டிலிருந்து ஆள் வந்தது. பண்ணையாரின் தாயாருக்குத் தலைசுற்றல். போனேன். பாட்டியம்மாவைப் பார்த்து மருந்து எழுதிவிட்டு வெளியே வந்தால், கூடத்தில் பண்ணையார் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வெற்றிலைச் செல்லம். எப்போதும் போல மரியாதையாக எழுந்து நின்றார்.

"உக்காருங்க டாக்டர். காபி வருது."

உட்கார்ந்தேன்.

"நம்ம பெட்டி உங்களுக்குத் தொந்தரவு குடுத்துச்சாமே. நடேசன் சொன்னான்."

"இப்போ சரியாயிடுச்சுங்க."

"ஒரு பெட்டி மாத்த இத்தனை நாளா?" வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார். என்னைப் பார்க்கவில்லை. "எங்க டிராக்டருக்கே ஒரே பகல்ல முடிச்சுக் குடுக்கிறவன். உங்க காரு மட்டும் குழி மேலேயே நின்னுக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்றாங்க."

யார் சொல்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. காபி வந்தது. டவராவில் ஆற்றினேன்.  கோவிந்தராஜின் பட்டறை, அவர் சோறு, ஒருவேளை அவர் உயிர்கூட, நான் அடுத்துச் சொல்லப்போகும் வார்த்தையில் இருந்தது.

"பழைய பெட்டிங்க. பொருந்தி வர நாளாச்சு" என்றேன். "நான்தான் அவசரப்படாம பார்த்துச் செய்யச் சொன்னேன்."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.  நோயாளிகளின் கண்ணைப் பார்த்தே பழகியவள் நான். அன்றைக்கு என் கண்ணை இன்னொருவர் சோதித்துக்கொண்டிருந்தார். காபியை ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

கடைசியில் அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அதுவும் சரிதான். கோவிந்தராஜு நம்பிக்கையான ஆளு. சின்ன வயசுலேருந்து பார்க்கிறேன்."

"ஆமாங்க" என்றேன். "ரொம்ப நம்பிக்கையான ஆளு."

அந்த வீட்டில் நான் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை.